தத்துவ வகுப்பும் பரபக்கமும்

கலாசாலையில் தத்துவத்தைப் பாடமாக எடுத்துப் படித்தவன் நான். அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காத உறவினர் இல்லை. நாவல் எழுதப் போகிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தாலும் அவர்கள் கவலை குறைந்திருக்காது. அந்த வகுப்புகளில் கற்றது என்ன, கற்கத் தவறியது என்ன என்று பார்ப்பதற்காக, அன்று படித்த மூன்று புத்தகங்களைச் சமீபத்தில் மறுபடியும் எடுத்து வாசித்தேன். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1945-இல் வெளியிட்ட மேலைத் தத்துவ வரலாறு ஒன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1923-லும் 1927-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட 'இந்தியத் தத்துவம்' மற்றொன்று. மூன்றாவது, மைசூர் ஹிரியண்ணா 1932-இல் வெளியிட்ட இந்தியத் தத்துவச் சுருக்கம்.

எங்கள் வகுப்பில் காலையில் மேல்நாடு, மத்தியானம் கீழ்நாடு. காலையில் டேகார்ட்டைப் பற்றிப் பேசும்போது, "அவர் சொல்வதில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்" என்று ஆசிரியர் கேட்பார். ஆளுக்கு ஒன்று சொல்வோம். தப்பாகச் சொன்னாலும் அவர் கோபிக்க மாட்டார். மத்தியானம் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "சங்கரர் சொல்வது ஏன் சரியாக இருக்க வேண்டும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே திகைத்தது. "அதற்கெல்லாம் அனுபவம் வேண்டும், அப்பா, உட்கார்" என்று பதில் வந்தது. அவன் உட்கார்ந்தான், அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. காலையில் சிந்திப்பவர்களாகவும் மத்தியானம் பக்தர்களாகவும் எங்களை ஆக்கியது அந்தப் பாடத்திட்டம். மேல்நாட்டார் வாதித்தார்கள், நம்மவர்கள் கண்டார்கள் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் பட்டம் வாங்கி வெளியே வந்தோம்.

இந்த எண்ணத்துக்கு ராதாகிருஷ்ணனின் புத்தகமும் ஓரளவு காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது பெரிய புத்தகம் என்பதில் சந்தேகமில்லை. வறண்ட விஷயத்தைக்கூட வாசிக்கத் தூண்டும் ஆங்கில நடை அவருடையது. ஆனால் அவர் எழுதத் தொடங்கிய சூழ்நிலையை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் மாணவராக இருந்தபோது, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற விமரிசனம் பலமாக இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் 1908-இல், தம் இருபதாவது வயதில், எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி எழுதினார். அன்று எடுத்த வக்காலத்தை அவர் பிறகு கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கான்ட்டும் ஹெகலும் பிராட்லியும் சாட்சிகளாக வந்து போகிறார்கள். கட்சிக்காரரைக் காப்பாற்ற வந்த நல்ல வக்கீலைப் போல, வீட்டுக்குள் நடந்த சண்டைகளை அவர் மெல்லிய குரலிலேயே சொல்கிறார். நியாயமும் பௌத்தமும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட ஆவேசம், எல்லா வழிகளும் அத்வைதச் சிகரத்துக்குப் படிகள் என்ற சமரசத்தில் அடங்கிப் போகிறது.

ஹிரியண்ணா வேறு மாதிரி. மைசூரில் பல வருஷம் மாணவர்களுக்குச் சொன்ன பாடங்களிலிருந்து உருவான புத்தகம் அது. அலங்காரமே கிடையாது. ஆனால் எந்தக் கட்சியைப் பற்றிச் சொன்னாலும், அந்தக் கட்சிக்காரனே வந்து சொல்வதைப் போலச் சொல்கிறார். சார்வாகர்களைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள் எழுதி வைத்ததுதான் என்பதை அவர் மறப்பதில்லை. இதைத்தான் நேர்மை என்கிறேன். மாணவன் ஒருவனுக்கு ஒரே ஒரு புத்தகம் கொடுக்கலாம் என்றால் நான் ஹிரியண்ணாவைத்தான் கொடுப்பேன். அதில் எனக்குள்ள குறை ஒன்று உண்டு: சைவ சித்தாந்தத்துக்கு அதில் தனி அத்தியாயம் இல்லை. ராதாகிருஷ்ணனிலும் அதற்குச் சில பக்கங்கள்தான்.

ரஸ்ஸலிடம் நேர்மை குறைவு, சுவாரஸ்யம் அதிகம். பிடிக்காதவர்களை, முக்கியமாக நீட்சேயை, அவர் நடத்துகிற விதம் நியாயமானதல்ல. ஆனாலும் யாரையும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோவதில்லை அவர். பிளேட்டோவோடுகூடச் சண்டை போடுகிறார். அந்தச் சண்டைதான் எங்களைக் காலை வகுப்பில் விழிக்க வைத்தது.

நம்மிடம் சண்டை இல்லையா? பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சங்கரர் சாங்கியரையும் வைசேஷிகரையும் பௌத்தரையும் ஜைனரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி வாதாடுகிறார். அனுபவம் வேண்டும், உட்கார் என்று அவர் யாரையும் அடக்கவில்லை. தமிழிலும் இதற்குக் குறைவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் தர்க்கத்தையே பாடமாகக் கேட்கிறாள். தத்துவ மாணவி ஒருத்தியைக் கதாநாயகியாகக் கொண்ட காவியம் அது. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பாகமாகச் செய்தார். தம் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கட்சியைச் சொல்லும் பரபக்கத்தை வைத்தார். அதில் முதலில் வருகிறவன் உலகாயதன், அதாவது கடவுளே இல்லை என்கிறவன். அவன் சொல்வதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு தொடங்குகிறது. மறுப்பது பக்தர்தான், ஆனால் கேட்காமல் மறுக்கவில்லை.

இந்தப் பரபக்கம்தான் எங்கள் மத்தியான வகுப்பில் காணாமல் போயிருந்தது. இந்தியத் தத்துவம் என்றால் ஆன்மிகம், ஆப்த வாக்கியம் என்று நினைப்பது வெறும் கட்டுக்கதை என்று பேராசிரியர் தயா கிருஷ்ணா 1960-களிலேயே எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1983-இல் பூனாவில் ஆங்கிலத்தில் தத்துவம் கற்றவர்களையும் சம்ஸ்கிருத பண்டிதர்களையும் ஒரே சபையில் உட்கார வைத்து, ரஸ்ஸலின் வாக்கியக் கொள்கையைப் பற்றி விவாதிக்கச் செய்த முயற்சியில் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. காலையையும் மத்தியானத்தையும் ஒரே மணி நேரத்தில் நடத்திக் காட்டிய காரியம் அது. அந்த விவாதம் 'ஸம்வாதம்' என்ற பெயரில் 1991-இல் புத்தகமாகவும் வந்தது. என் வகுப்புத் தோழனின் கேள்விக்கு அந்தச் சபையில் இடம் இருந்திருக்கும்.

கதை வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இருக்கிறது. நம் நாவல்களில் 'தத்துவம்' என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் செய்யும் உபதேசம். எதிரே உட்கார்ந்திருப்பவன் தலையை ஆட்டுகிறான். அவன் ஏதாவது கேட்டால் அது பெரியவர் எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகவே இருக்கிறது. அது நாவலின் மத்தியான வகுப்பு. டாஸ்டாவ்ஸ்கியைப் பாருங்கள். அவர் ஆழ்ந்த விசுவாசி. இருந்தும் 1880-இல் முடித்த கரமாஸாவ் சகோதரர்கள் நாவலில், கடவுளின் உலகத்துக்கு எதிரான வாதத்தை இவானுடைய வாயில் முழுப் பலத்தோடு வைத்தார். வாசித்து முடித்த பிறகும் அந்த வாதம் நம்மை விட்டுப் போவதில்லை. அருள்நந்தியார் பரபக்கம் எழுதிய காரியமும் ஒரு வகையில் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நானும் உபதேசம் செய்யும் பெரியவர்களை எழுதியவன்தான். என் ஆரம்ப நாவல்களைத் திருப்பிப் பார்க்கும்போது அவர்கள் மீது எனக்கே எரிச்சல் வருகிறது. இப்போதெல்லாம் ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்ததும் அந்தத் தோழனை நினைத்துக்கொள்கிறேன். அவன் எழுந்து நின்று கேட்டால் என் பாத்திரம் என்ன பதில் சொல்லும்? பதில் இல்லாவிட்டால் பாதகமில்லை. அவனை உட்காரச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.