நெட்டைக்கு வாய்த்த வண்டி

ஜெர்மனியின் பவேரியாவில் ரோத் என்று ஒரு சிறு நகரம். அங்கே நடக்கும் நெடுந்தூர டிரையத்லானை 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டும் விடாமல் வென்றவர் டென்மார்க்கின் மாக்னுஸ் டிட்லெவ். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மாரத்தான். மூன்றாவது வெற்றிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 7 மணி 23 நிமிடம் 24 விநாடி. ஆள் ஆறடி நாலங்குலத்துக்குக் குறையாத நெட்டை. அவர் சைக்கிளில் போகிற காணொளி கிடைத்தால், வேகத்தை மறந்துவிட்டுப் பக்கவாட்டில் தெரியும் உருவத்தை மட்டும் பாருங்கள். இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே வீச்சில் ஓடும் முதுகு. தோளிலிருந்து இறங்கி முழங்கை மெத்தையில் உட்காரும் மேற்கை. அங்கிருந்து மெல்ல மேலேறி முகத்துக்கு முன்னால் முடியும் முன்கை. அத்தனை நீளமான உடம்பில் எதுவும் மடக்கி வைத்ததாகவும் தெரியாது, இழுத்துப் பிடித்ததாகவும் தெரியாது.

குட்டையானவர் சற்றே பொருந்தாத வண்டியில் ஏறினால் நம் கண் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நெட்டையரிடம் அந்தச் சலுகை கிடையாது. முதுகு கூன்போட்டு நிற்கும், முழங்கால் முழங்கையை இடிக்கப் பார்க்கும், சீட்டின் தண்டு கொக்குக் கழுத்தாக நீண்டிருக்கும். ஆகவே ஒரு டிரையத்லான் சைக்கிள் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்று அறிய வேண்டுமானால் அதன் பெரிய அளவைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சீட் குழாய். சாதாரண ரோடு சைக்கிளில் அது 73 டிகிரி அளவில் பின்னால் சாய்ந்திருக்கும். டிரையத்லான் வண்டியில் 78, 80 என்று நிமிர்ந்து நிற்கும். இதைத் துணிந்து செய்தவர் அமெரிக்காவின் டான் எம்ப்ஃபீல்ட். 1987-ல் அவர் தொடங்கிய குவின்டானா ரூ கம்பெனி முதலில் விற்றது சைக்கிள் அல்ல, நீச்சலுக்கான வெட்சூட். 1989-ல்தான் சூப்பர்ஃபார்ம் என்ற வண்டி வந்தது. சீட் குழாய் ஏறத்தாழ 80 டிகிரி. முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்ட உதவும் ஏரோபார் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதை உருவாக்கிய பூன் லெனன் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சியாளர்; மலைச்சரிவில் பாய்ந்து இறங்குகிறவர்கள் கைகளை முன்னே குவித்துக் குனியும் நிலையைத்தான் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அந்தப் பாரைப் பிடித்து ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தைப் பறித்தார்.

ஆனால் ரோடு சைக்கிளில் அந்தப் பாரைப் பூட்டிக் குனிந்தால் தொடை வயிற்றில் வந்து முட்டும். எம்ப்ஃபீல்ட் செய்தது இதுதான்: பெடல் சுழலும் பிபி அச்சை மையமாக வைத்து ஆளை அப்படியே முன்பக்கமாகச் சுழற்றிவிட்டார். முதுகு தாழ்ந்தது, இடுப்பு மடங்கும் கோணம் மட்டும் பழையபடியே இருந்தது. இறங்கியதும் மாரத்தான் ஓட வேண்டிய கால்களுக்கு அந்தக் கோணம் பெரிய சொத்து.

இந்தச் சுழற்சியில் நெட்டையருக்கு என்ன நேர்கிறது? உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரம் வரும் என்பது லெமாண்ட் பரப்பிய கணக்கு. கறாரான விதியல்ல, தொடக்கத்துக்கு ஆகும். 92 செ.மீ. உள்கால் உள்ளவருக்குப் பிபி அச்சிலிருந்து சீட் ஏறக்குறைய 81 செ.மீ. தொலைவில் நிற்கும். 73 டிகிரியை 79 ஆக்கினால் அந்தச் சீட் 8 செ.மீ. முன்னால் வரும். சீட் உயரம் 66 செ.மீ. போதும் என்கிற உயரம் குறைந்தவருக்கு அதே ஆறு டிகிரியில் 6.7 செ.மீ.தான். கோணம் எல்லோருக்கும் ஒன்று, நகரும் தூரம் ஆளுக்கு ஆள் வேறு. நெட்டையரின் உடம்பு அதிகமாக முன்னேறுகிறது. அவருக்கு முன்னால் இருக்கும் இடமும் அந்த அளவுக்கு நீள வேண்டும். சின்ன அளவை ஊதிப் பெருக்கினால் பெரிய அளவு வந்துவிடாது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

சைக்கிள் கம்பெனிகளின் அளவு அட்டவணையைப் படிப்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. அதில் கவனித்துப் படிக்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். பிபி அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பார் கழுத்துக் குழாயின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். இவற்றைப் பேச்சுவழக்காக்கியதிலும் எம்ப்ஃபீல்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 56, 58, எக்ஸ்எல் என்று சட்டத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் பெயர்தான்.

"உங்களுக்கு எக்ஸ்எல்தான் சார்" என்பார் கடைக்காரத் தம்பி. 

"யாரோட எக்ஸ்எல், தம்பி?" என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். 

ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு கம்பெனியின் பெரிய சட்டம் நீண்டு தாழ்ந்திருக்கும், இன்னொன்றினுடையது உயர்ந்து குறுகியிருக்கும். நெட்டையரிலும் இரண்டு ஜாதி. ஒருவருக்குக் கால் நீளம், உடல் அளவானது: அவருக்கு ஸ்டாக் வேண்டும், ரீச் அவ்வளவு வேண்டாம். இன்னொருவருக்கு உயரம் முழுவதும் இடுப்புக்கு மேலே: அவர் நீண்டு தாழ்ந்த சட்டத்தில்தான் நிம்மதியாகப் படுப்பார். இருவரும் சுவரோரம் நின்றால் ஒரே உயரம். வண்டியை மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் கழுத்து வலிக்கும். நெட்டை என்றால் இருப்பதிலேயே பெரியதை எடு என்கிற அறிவுரையை நான் ஏற்பதில்லை.

ஸ்டாக் போதாத சட்டத்தை வாங்கிவிட்டால் கழுத்தில் ஸ்பேசர் வளையங்களை அடுக்கி உயர்த்துவார்கள். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. கழுத்துக் குழாய் நேராக நிற்பதில்லை. 72 டிகிரி அளவில் பின்னால் சாய்ந்திருக்கிறது. எனவே 30 மி.மீ. வளையம் போட்டால் பார் மேலே மட்டும் போகாது, 9 மி.மீ. பின்னாலும் வரும். உயரம் தேடியவர் நீளத்தை இழக்கிறார். இழந்ததை மீட்க, பாரைக் கழுத்தோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போடுகிறார். வளரும் பெண்ணின் பாவாடையில் டக்குப் பிரித்துவிட்ட மாதிரி, பழைய மடிப்பின் தடம் அப்படியே தெரியும். சரியான சட்டத்தில் இந்தத் தடம் இருக்காது. வளையம் ஒன்றிரண்டோடு நின்றுவிடும், ஸ்டெம் குட்டையாகவே இருக்கும், பார் சட்டத்தோடு பிறந்ததாகத் தோன்றும். முழங்கை மெத்தைகளை உயர்த்தும் அடுக்குகளை நேர்ச்செங்குத்தாக அமைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் உயர்த்தினால் நீளம் குறையாது. யாரோ ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து யோசித்த இடம் அது. கடையில் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

பெடலை பிபி அச்சோடு இணைக்கும் கிராங்க் விஷயத்தில் பெரிய வழக்கே நடக்கிறது. பெரிய சட்டங்களோடு 175 மி.மீ. கிராங்க் வருவது நெடுநாள் வழக்கம். கொலராடோவின் பௌல்டரில் நெட்டையர்களுக்கென்றே வண்டி கட்டிவரும் லெனார்ட் ஜின் அதுவும் போதாது என்பவர். அவரே ஆறரை அடி. உள்கால் நீளத்துக்கு ஏற்ப கிராங்கும் வளர வேண்டும் என்று 200 மி.மீ.யைத் தாண்டியும் செய்து பூட்டுகிறார். எதிர்ப்பக்கம் ஜிம் மார்ட்டின் என்ற ஆய்வாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு: 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களில் உச்சத் திறனை அளந்ததில், ஓரங்களில் இருந்த இரண்டும்தான் பின்தங்கின. எல்லாம் சேர்ந்தும் வித்தியாசம் 4 சதவீத அளவுதான். நடுவில் இருக்கும் நீளங்களில் எதை எடுத்தாலும் பலத்துக்குப் பெரிய நஷ்டமில்லை என்று இதைப் படித்தவர்கள் டிரையத்லான் வண்டிகளில் கிராங்கைக் குறைக்கத் தொடங்கினார்கள்.

குறைத்தால் கிடைப்பது என்ன? 175-ஐ 165 ஆக்குங்கள். பெடல் கீழே போகும்போது கால் 10 மி.மீ. குறைவாக நீள்கிறது, அதைச் சரிக்கட்டச் சீட்டை 10 மி.மீ. ஏற்றுகிறோம். பெடல் மேலே வரும்போது அது 10 மி.மீ. தாழ்வாகவே நின்றுவிடுகிறது. ஆக, சுற்றின் உச்சியில் பாதத்துக்கும் இடுப்புக்கும் நடுவே 20 மி.மீ. இடம் பிறக்கிறது. குனிந்து படுத்திருப்பவரின் தொடையும் விலாவும் உரசாமல் மூச்சு முழுதாக இறங்க அந்த இரண்டு சென்டிமீட்டர் போதும். ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏறிய சீட்டுக்கு ஈடாக முழங்கை மெத்தையையும் 10 மி.மீ. ஏற்றாவிட்டால் குனிவு கூடிவிடும். ஏற்கெனவே ஸ்டாக் பற்றாத நெட்டையருக்கு இது மேலும் ஒரு வளையம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். ஜின்னா, மார்ட்டினா என்று கேட்டால், நின்று மிதிக்கும் மலையேற்றத்துக்கு ஜின்னின் வாதம் எனக்கு ருசிக்கிறது. ஏரோபாரில் மணிக்கணக்காகக் கிடப்பதற்கு 170-ஐத் தாண்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

சக்கரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூப்பர்ஃபார்ம் 650சி என்ற சிறு சக்கரத்தில் ஓடியது. இப்போது பெரும்பாலும் 700சி. சின்ன சட்டத்தில் இந்தப் பெரிய சக்கரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், திரும்பும்போது கால்விரலில் இடிக்கும். பெரிய சட்டத்தில்தான் கச்சிதமாக உட்காரும். நெட்டையருக்குக் காசு செலவில்லாமல் கிடைக்கும் அழகு இது ஒன்றுதான்.

ஹவாயில் கோனாவிலிருந்து ஹாவி என்ற ஊர்வரை எரிமலைக் கற்பரப்பினூடே போய்த் திரும்பும் அயர்ன்மேன் டிரையத்லான் போட்டியின் சாலையில் பக்கக்காற்று பேர்போனது. பின்சக்கரத்துக்கு மூடிய டிஸ்க் வீல் போடக்கூடாது என்று அங்கே பல ஆண்டுகளாகவே விதி இருந்துவந்தது. சின்ன சட்டத்தில் நீண்ட ஸ்டெம் போட்டுச் சமாளிக்கும் நெட்டையரை அந்தச் சாலையில் நினைத்துப் பாருங்கள். உடம்பின் பாரம் முன்சக்கரத்தின்மேல் கவிந்திருக்கும், ஒவ்வொரு வீச்சுக்கும் பார் உதறும், அவர் ஏரோபாரை விட்டுவிட்டு ஓரக் கைப்பிடியைத் தேடுவார். அதோடு ஏரோ வண்டி வாங்கிய காசு போயிற்று. சட்டமே நீண்டிருந்தால் முன்சக்கரம் அவருக்கு முன்னால் தள்ளி நிற்கும். அதே காற்றில் வண்டி தோள் கொடுத்துப் போகும்.

சைக்கிள் பந்தயங்களின் உலக அமைப்பான யுசிஐ நெட்டையர்களின் நியாயத்தைக் கேட்க நாளானது. 2023 முதல் நேரப் பந்தயங்களில் உயரத்தைப் பொறுத்து மூன்று வகுப்பு. 180 செ.மீ.க்குக் கீழ் உயரம் உள்ளவர்களுக்கு ஏரோபாரின் நுனி பிபி அச்சிலிருந்து 80 செ.மீ. வரை முன்னே போகலாம், அதற்கு மேல் 83, 190-ஐத் தொட்டவர்களுக்கு 85. முழங்கைக்கும் நுனிக்கும் உயர வித்தியாசம் 10, 12, 14 செ.மீ. 193 செ.மீ. உயரமுள்ள இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா இருப்பது மூன்றாம் வகுப்பில். டிரையத்லானில் தனித்தனியாக ஓட்டும் போட்டிகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே நீளத்தைப் பெரும்பாலும் ஓட்டுபவரின் முன்கையே தீர்மானித்துக்கொள்ளலாம்.

புதிது வாங்குவதானால் கூட்டிக் குறைக்கக்கூடிய ஃபிட் சைக்கிளில் முதலில் படுத்துப் பார்த்து, முழங்கை மெத்தையின் உயரமும் நீளமும், சீட்டின் உயரமும் குறித்துக்கொண்டு, அந்த எண்களுக்குள் வரும் சட்டத்தைத் தேடலாம். வண்டியைப் பிடித்துவிட்டு எண்ணைத் தேடுவது தலைகீழ் வேலை. பழையது வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு தண்டுகள். ஏரோ சீட் தண்டு வண்டிக்கென்றே வார்த்தது, வெளிக்கடையில் கிடைக்காது. முன்பு ஓட்டியவர் தன் உயரத்துக்கு அதை அறுத்திருக்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்துத் தண்டும் அப்படியே. சீட் தண்டில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கும்; நெட்டையர் எப்போதும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் செய்கிறவர். விலை பேசுவதற்கு முன்னால் இரண்டு தண்டையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.