மேற்கோள் குறிக்குள் ஒரு தேடல்

கலைச்சொல் ஆய்பவரின் கைத்திறன், தேடல் பெட்டியில் அவர் இடும் இரட்டை மேற்கோள் குறியிலேயே தெரிந்துவிடும். இரத்த அழுத்தம் என்று வெறுமனே தட்டினால், இரத்தமும் அழுத்தமும் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் பக்கங்களும் வந்து குவியும். குறிக்குள் அடைத்தால் இரண்டும் ஒட்டி நிற்பவை முன்னே வரும். தமிழுக்கு அதுவும் போதாது. அழுத்தத்தை, அழுத்தத்தால் என உருபேற்ற வடிவங்களையும், 'ரத்த' என்ற எழுத்து வழக்கையும் தனித்தனியே தேட வேண்டும். பிறகு பக்கத்தைத் திறந்து, சொல்லுக்கு முன்னும் பின்னும் நாலு வரி படித்து, எழுதியவர் மருத்துவரா விளம்பரக்காரரா என்று பார்க்கும் அந்தப் பொறுமை அழகானது.

கலைச்சொற்களைத் தொகுத்துத் தரும் சொற்குவை தளமும், சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியும் இருக்கையில் இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். அவை சொல்லைத் தரும். இன்று அதை யார், எந்தப் பொருளில் புழங்குகிறார்கள் என்பதற்குச் சான்று வாக்கியங்களில்தான் கிடைக்கும். முடிவுகளின் எண்ணிக்கையையே சான்றாகக் கொள்வதும் சரியல்ல. ஒரே பத்தி பல தளங்களில் நகலாகியிருக்கலாம். ஸ்கேன் படங்களாக மட்டும் உள்ள பழைய நூல்களைத் தேடல் தொடாமலும் போகலாம். ஆகவே, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படாத இரண்டு மூலங்களாவது கைக்கு வரும்வரை தேடுங்கள்.