பெங்களூர்ப் பங்குப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: மூலபாடத் திறனாய்வு நோக்கு

முன்னுரை

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளைத் தமிழுலகம் நன்கறியும். புள்ளி பெறாத மெய்கள், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரங்கள், ரகரத்தோடு மயங்கும் கால் குறி ஆகியவற்றுக்கிடையே உண்மைப் பாடத்தைத் தேடும் முயற்சியிலேயே தமிழ் மூலபாடத் திறனாய்வு வளர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பு அம்முயற்சியின் மைல்கல்லாகும். இலக்கியத்துக்கென வளர்ந்த இம்முறை, எளிய மக்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் கிறித்தவப் பங்குப் பதிவேடுகளுக்கும் பொருந்தும். எனினும் குடும்ப வரலாறு தேடுவோர் இப்பெயர்களை ஊகத்தால் வாசிப்பதும், வாசித்ததைத் தம் விருப்பப்படி திருத்திக்கொள்வதும் பரவலாக உள்ளன. பெங்களூர்த் தமிழ்க் கிறித்தவர் தொடர்பான பதிவேடுகளை முன்வைத்து, தெளிவற்ற பெயர்களை வாசிப்பதன் நெறிகளையும் அவ்வாசிப்பில் அடங்கியுள்ள பொறுப்பையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேடுகளின் பின்புலம்

திருமணங்களைப் பங்குக் குரு ஏட்டில் பதிய வேண்டும் என்பதைத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் முதலியவற்றைப் பதிவதற்கான இலத்தீன் வாசகங்களை வகுத்தளித்தது. ஆகவே உலகின் எப்பகுதியிலும் கத்தோலிக்கப் பதிவு ஏறத்தாழ ஒரே சட்டகத்தைக் கொண்டிருக்கும். மாறுவன பெயர்களே.

பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயப் படைக்குடியிருப்பு அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ் வழங்கும் மாவட்டங்களிலிருந்து வணிகரும் தொழிலாளரும் பணியாளரும் பெருமளவில் குடியேறினர். பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த துபுவா அடிகளார் 1818இல் பிளாக்பள்ளியில் சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். இன்றைய சிவாஜிநகரில் 1882இல் நிறைவுற்ற தூய மரியன்னை ஆலயத்தின் தொடக்கம் அதுவே. இவ்வாறு தமிழ் பேசும் மக்கள், பிரெஞ்சு பேசும் குருக்கள், இலத்தீன் பதிவு, ஆங்கில நிருவாகம், கன்னடச் சூழல் என்னும் ஐந்தும் ஓர் ஏட்டில் சந்தித்தன.

ஆங்கிலத் திருச்சபைப் பதிவுகளின் வரலாறு வேறு. படைக்குடியிருப்பின் ஆலயங்களில் எழுதப்பட்ட பதிவுகளின் படிகள் சென்னை மாகாணத்தின் வழியாக இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அங்குக் காணப்படுவது மூலமன்று, படியே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. படியெடுத்தவரின் கண் வழுவியிருந்தால் அவ்வழுவே இணையத் தரவுகளிலும் தொடரும்.

எழுத்து மயக்கம்

பெயர் ஏட்டை அடைவதற்குள் மூன்று நிலைகளைக் கடக்கிறது. பெற்றோரோ உபதேசியாரோ சொல்கின்றனர், குரு கேட்கிறார், தம் மொழியின் எழுத்து மரபில் எழுதுகிறார். சவரிமுத்து என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. சவேரியாரின் பெயர் இலத்தீனில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும். பிரெஞ்சு மரபில் எழுதுவோர் ஒலியைப் பின்பற்றி எஸ் எழுத்தில் தொடங்குவர். ஆங்கில மரபில் சி, எச் எழுத்துகளில் தொடங்கிச் 'சௌரிமுத்து' என ஒலிக்க எழுதுவதும் உண்டு. தந்தை, மகன், பேரன் மூவரும் சவரிமுத்து என்னும் பெயரையே கொண்டிருந்தாலும், அகரவரிசை அட்டவணையில் அவர்கள் மூன்று குடும்பத்தினராகப் பிரிந்து நிற்பர்.

முத்து என்பதன் உகரங்களைப் பிரெஞ்சு மரபினர் ஓ, யு என்னும் ஈரெழுத்துக் கூட்டால் குறிப்பர். விரைந்தெழுதிய கையெழுத்தில் யு என்பது என் எனத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு வாசித்தால் 'மொன்த்தோன்' என்னும் பெயர் பிறக்கும். அப்பெயரில் எவரும் எங்கும் வாழ்ந்திலர். ஆயினும் அட்டவணையில் அவருக்குத் தாயும் தந்தையும் உண்டு. கையெழுத்தை இனங்காணும் இன்றைய மென்பொருள்களும், தமிழ்ப் பெயர் மரபைக் கல்லாதவிடத்து, இத்தகைய வழுவிலிருந்து தப்ப இயலாது. ஓரெழுத்தை ஐயுறும்போது அதே குருவின் கையெழுத்தில் ஐயத்துக்கிடமில்லாத சொற்களை, குறிப்பாக எல்லாப் பதிவுகளிலும் மீளவரும் இலத்தீன் வாசகங்களை, ஒப்பிட்டு எழுத்துவடிவ அட்டவணை ஒன்றை அமைத்துக்கொள்வது முதற்பணியாகும்.

வேற்றுமை உருபும் பெயரும்

இலத்தீன் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறுபவை. 'இன்னாரை முழுக்காட்டினேன்' என்னும் வாசகத்தில் குழந்தையின் பெயர் இரண்டாம் வேற்றுமையிலும், 'இன்னாரின் மகன்' என்னுமிடத்துத் தந்தையின் பெயர் ஆறாம் வேற்றுமையிலும் நிற்கும். ஆகவே 'பெத்ரும்' என்பதும் 'பெத்ரி' என்பதும் பெத்ருஸ் என்னும் ஒரே பெயரின் உருபேற்ற வடிவங்களாம். இதனை உணராதார் குழந்தைக்கு ஒரு பெயரும் தந்தைக்கு வேறொரு பெயரும் இருந்தனவாகக் கொள்வர். 'முருகனை', 'முருகனது' என்பவற்றை இருவேறு பெயர்களாகக் கொள்வதை ஒக்கும் பிழை இது. தமிழ்ப் பெயர்கள் இலத்தீன் ஈறு பெறாமல் இடையே நிற்கும்போது வாசிப்பு மேலும் சிக்கலாகிறது. அங்குச் சொல்லின் வடிவன்று, வாக்கியத்தில் அது நிற்கும் இடமே வேற்றுமையைக் காட்டும்.

மொழிபெயர்க்கப்பட்ட பெயர்

வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றும் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் வழங்கியமை அறிஞர் அறிந்ததே. பெயரின் பொருளைத் தமிழாக்கும் இம்மரபு காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. இலத்தீனில் 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுலுஸ் தமிழ்க் கத்தோலிக்கரிடையே சின்னப்பர் ஆனார். 'இறைவன் அருளினார்' எனப் பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். பேதுருவுக்கு இராயப்பர் என்னும் பெயர் வழங்கியது.

பதிவேட்டில் இம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. வீட்டில் அருளப்பன் என அழைக்கப்பட்டவரை இலத்தீனில் எழுதும் குரு யோவான்னெஸ் எனப் பதிவார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். அதே மனிதரின் பெயர் அவர் பணிபுரிந்த இடத்தின் ஆங்கில ஆவணத்தில் சின்னப்பன் என்றே இருக்கக்கூடும். பதிவேட்டில் சின்னப்பன் என்ற பெயரைத் தேடிக் காணாதவர், மூதாதையின் பதிவு அழிந்தது என முடிவு செய்வது பொருந்தாது. பதிவு கண்முன்னே வேறு பெயரில் இருத்தல் கூடும். ஆயின் பவுலுஸ் எல்லாரும் சின்னப்பர் ஆகார் என்பதும் கருதத்தக்கது. பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர், நாள் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒத்தாலன்றி இருவரை ஒருவராகக் கொள்ளுதல் தகாது.

பெயர்கள் காலத்தையும் உணர்த்தும். லூர்து நகர்க் காட்சிகள் நிகழ்ந்தது 1858இல். எனவே லூர்து என்னும் அடைகொண்ட பெயர் அதற்கு முற்பட்ட பதிவில் இருப்பதாக வாசிக்கப்படின், வாசிப்பையோ ஆண்டையோ ஐயுற வேண்டும்.

மாரியும் மரியும்

இதுகாறும் கூறியவை கருத்தூன்றினால் தீர்க்கத்தக்க ஐயங்கள். எழுத்து முற்றிலும் தெளிவாக இருந்தும் தீராத ஐயமும் உண்டு. உரோமன் எழுத்தில் மாரிமுத்துவும் மரிமுத்துவும் ஒன்றே. தமிழில் ஒரு கால் குறியால் வேறுபடும் இவ்விரு பெயர்களுள் ஒன்று மாரியம்மனைச் சுட்டும்; மற்றது மரியன்னையைச் சுட்டும். திருமுழுக்குப் பதிவொன்றில் தந்தையின் பெயர் இவ்வாறு அமைந்தால், அக்குடும்பம் தலைமுறைகளாகக் கிறித்தவக் குடும்பமா, அத்தலைமுறையிலேதான் சமயம் மாறியதா என்னும் வினா ஒரு குறியில் தொங்கி நிற்கிறது.

இங்கு ஒலி உதவாது. பதிவின் வாசகமே சான்று. தந்தை பிற சமயத்தார் என்னும் இலத்தீன் குறிப்பு உளதா, முழுக்குப் பெற்றவர் குழந்தையா வளர்ந்தவரா, பெற்றோரின் திருமணம் அதே பங்கில் பதிவாகியுள்ளதா என்பனவற்றை நோக்க வேண்டும். திருமணப் பதிவில் சாட்சிகள் தமிழில் கையொப்பமிட்டிருப்பின் அதுவே தலைசிறந்த சான்றாகும். பெயருக்குரியோரின் கையே அங்கு எழுதியுள்ளது. இவை எவையும் கிடைக்காதவிடத்து இரு பாடங்களையும் தந்து ஐயத்தை ஐயமாகவே நிறுத்துவது நேர்மை.

திருத்தமும் அதன் விளைவும்

வாசிப்பவரின் விருப்பம் பாடத்தை வளைக்கும் இடங்கள் உள. பெங்களூரில் சின்னப்பன், இராயப்பன் என்பன னகர ஈறின்றிச் சின்னப்பா, இராயப்பா எனவும் எழுதப்படும். ஈறு கெட்டதை எழுதியவரின் பிழையெனக் கொண்டு னகரத்தைச் சேர்ப்பவர் அக்குடும்பத்தைத் தமிழ்க் குடும்பமாக்குகிறார். ஈற்றை மட்டும் நம்பி அதனைக் கன்னடக் குடும்பம் என்பாரும் அவ்வாறே வழுவுகிறார். வழிபாட்டு மொழி குறித்த பூசல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நகரில், ஓரெழுத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் பதிப்பாசிரியரின் தனியுரிமை ஆகா. பிளாக்பள்ளி என்னும் ஊர்ப்பெயரே இவ்வகையில் எச்சரிக்கையாக அமைகிறது. வெள்ளரிசி விளைந்த ஊர் எனப் பொருள்படும் கன்னடப் பெயரின் திரிபு அது என்பாரும், பிளாக்கிஸ்டன் என்னும் படைப் பொறியாளரின் பெயரால் அமைந்தது என்பாரும் உளர்.

இதனினும் நுண்ணியது சாதிக் குறிப்பு. சில பதிவுகளில் பெயரையடுத்துச் சாதி குறிக்கப்பட்டிருக்கும். படியெடுப்போர் சிலர் அதனை நாணத்தால் விடுப்பர். வேறு சிலர் தெளிவற்ற சொல்லை உயர்வாகக் கருதப்படும் பட்டமாக வாசிப்பர். இரண்டும் பாடச் சிதைவே. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை கிறித்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. ஆதலின் மூதாதையின் சமயமும் சாதியும் பற்றிய ஓர் ஏட்டுச் சொல் பழங்கதை அன்று; வாழ்வோரின் உரிமை வழக்கோடு தொடர்புடையது. அச்சொல்லை உள்ளவாறு படியெடுத்தல் கடன். அதே வேளையில் வாழும் குடும்பங்களை அடையாளம் காட்டும் வகையில் அதனை வெளியிடாதிருத்தலும் கடன்.

மூலபாடம் எது?

இலக்கியப் பதிப்பில் ஆசிரியர் எழுதியதை அடைவதே குறிக்கோள். பதிவேட்டுப் பெயருக்கு அத்தகைய ஆசிரியர் இலர். பெயருக்குரியவர் எழுதவில்லை, எழுதியவர் அப்பெயரால் வாழவில்லை. ஆகவே ஒரே 'சரியான' பெயரைத் தேடும் முயற்சி தொடக்கத்திலேயே பிழைபடுகிறது. வீட்டில் வழங்குபெயர், சடங்கில் பெற்ற திருமுழுக்குப் பெயர், ஏட்டில் நிற்கும் பதிவுப்பெயர் ஆகிய மூன்றும் தனித்தனி உண்மைகள். ஏட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து முதலில் தருதலும், ஊகித்த தமிழ் வடிவத்தை அதனின்று பிரித்துத் தருதலும், ஊகத்துக்கான சான்றைச் சுட்டுதலும் பதிப்பு நெறியாதல் வேண்டும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்த நம் பதிப்பு மரபு இதற்குப் போதிய வழிகாட்டுதலை ஏற்கெனவே தந்துள்ளது.

முடிவுரை

பங்குப் பதிவேட்டுப் பெயர்களின் தெளிவின்மை கையெழுத்தின் குறையால் மட்டும் நேர்வதன்று; ஒலி, எழுத்து, வேற்றுமை, மொழிபெயர்ப்பு என்னும் நான்கு நிலைகளில் நேர்வது என்பது இதனால் பெறப்படும். அவற்றுள் பெரும்பாலானவை தமிழிலக்கணமும் சுவடிப் பயிற்சியும் உடையார்க்குத் தீர்க்கத்தக்கனவே. எனவே கல்வெட்டுப் பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் தரும் கருத்தைப் பெயராய்வாளர் இவ்வேடுகளுக்கும் தருதல் வேண்டும். தம் பெயரைத் தாமே எழுத அறியாதிருந்த பலருக்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று இவ்வேடுகளின் ஒரு வரியே. அவ்வரியைப் பிழையாக வாசித்தால், அவர்களுக்காக மறுத்துரைக்க வேறு சுவடி இல்லை.