கொட்டகைக் குரல்

'நாடகப் பாட்டு' என்று சொல்லிவிட்டால் நம் சங்கீத ரசிகர்களுக்கு விமர்சனம் முடிந்துவிடுகிறது. சாஸ்திரீயம் சபாவின் சொத்து, கொட்டகையில் கிடைத்தது அதன் மலிவுப் பதிப்பு என்ற எண்ணம் அவர்களுக்கு. தொண்டையை வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் இறந்துபோனார். விடிய விடியப் பாடியவரிடமிருந்து நமக்கு எஞ்சியவை பக்கத்துக்குச் சில நிமிஷங்களே ஓடும் இசைத்தட்டுகள். 'எவரனி' தட்டைக் கேட்டாலே போதும். மேல் ஸ்தாயியில் மெலியாத அகாரம்; அசுர வேகத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாத பிருகாக்கள். இந்தக் குரலைச் செய்தது கொட்டகையின் நெருக்கடி. ஒலிபெருக்கி கிடையாது. பக்கத்தில் கால் ஹார்மோனியம். வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்தால் ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் நிற்கவேண்டும். ஆண் ஐந்து கட்டைக்கு ஏறியாகவேண்டும். கடைசியில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் போய்ச் சேரவேண்டும். கத்துகிறவன் தொண்டை நாளாவட்டத்தில் போய்விடும். நிலைத்தவர்கள் வாயைத் திறந்து, மூச்சை ஆண்டு, சுருதியில் அப்பிக்கொண்டு பாடியவர்கள். பாட்டு வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தானே?

ஒலிபெருக்கி வந்ததும் இந்தக் கட்டாயம் தளர்ந்தது. லாபமில்லாமல் இல்லை. எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதியும் நிதானமும் பெரிய மண்டபம் ஒன்றை நிரப்ப முடிந்தது அதனால்தான். ஆனால் பலருக்கு மைக் ஊன்றுகோலாகிவிட்டது. வாய்க்குள்ளேயே முனகும் ஆலாபனை பாவமென்று பெயர் வாங்கியது. கொட்டகையை ஏளனம் செய்த சபா, கொட்டகை கட்டிக்காத்ததைத் தான் நழுவவிட்டது.

நாடக மேடையைக் கோவிலாக்க வேண்டியதில்லை. 'ஒன்ஸ்மோர்' கேட்டால் செத்த பாத்திரமும் எழுந்து பாடிய மேடை அது. சோகக் கட்டத்தில் ஸ்வரம் உதிர்த்தால் பாத்திரம் போய் வித்வான்தான் மிஞ்சுவான். கிட்டப்பாவின் வித்தையே இந்த ஆசைக்குத் தீனி போட்டது என்றும் சொல்லவேண்டும்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றுவது கே.பி. சுந்தராம்பாள். ஔவையார் (1953), திருவிளையாடல் (1965) படங்களில் அவர் முன்னால் மைக் இருக்கிறது. ஆனாலும் கொட்டகைக்கே பாடுகிறார். வல்லின மெய்கள் கல்லில் உளி விழுவதுபோல விழுகின்றன. உயிரெழுத்து நீளும்போதுதான் கமகம் வருகிறது. சொல்லை உடைத்துக்கொண்டு வருவதில்லை. பிருகாவும் உண்டு, வாக்கியம் அதைக் கேட்கும் இடத்தில். கிழவி கோபிக்கிறாளா, இரங்குகிறாளா என்பது ராகத்திலேயே தெரிகிறது. நுணுக்கம் அங்கே நடிப்பாகிவிடுகிறது.

இன்று தொலைக்காட்சிப் போட்டிகளில் 'கர்நாடக சங்கீதம் கற்றவர்' என்பது ஒரு தகுதிச் சான்றிதழ். சினிமாப் பாட்டின் நடுவே ஒரு கமகம், முடிவில் நாலு ஸ்வரம். நீதிபதிகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அத்தர் தடவுவதுபோலச் சாஸ்திரீயத்தைத் தடவிக்கொள்கிறோம். எங்கே பாடினார், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் பிறகு. கற்ற வித்தை சொல்லைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போயிற்றா? கொட்டகை இதைத்தான் கேட்டது. நம் சபாக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று?