மருட்கையும் மறதியும்: ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் மறுபார்வை

சிறுவயதில் மயங்கிப் பார்த்த திரைப்படத்தை முதிர்ந்த வயதில் மீண்டும் காண்போர், ‘அன்று கண்ட படம் இது அன்று’ எனக் குறைப்படுவதுண்டு. அறிவு வளர வியப்பு தேயும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இவ்விளக்கம் பாதி உண்மையே. மறுபார்வையில் சுவை அழிவதில்லை. ஒரே காட்சி வேறொரு மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் ஆகிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இதற்குத் தக்க சான்று.

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இது. 1954இல் வந்த இந்திப் படத்தைத் தழுவி டி.ஆர்.சுந்தரம் இயக்கினார். அவர் திருச்செங்கோட்டில் பிறந்தவர். அவரது நிறுவனம் சேலம் ஏற்காடு சாலையில் இயங்கியது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை பரமத்தி வேலூரும் சேலம் மாவட்டத்து ஊரே. காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு இடையே வளர்ந்த சிறுவனுக்கு எங்கோ தொலைதேசமாகத் தோன்றிய அரபுக்கதை உலகம், ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் ஆக்கம். மறுபார்வையாளர் முதலில் அறிவது இதனை. ஆனால் இவ்வறிவு மட்டுமே வியப்பைக் கெடுப்பதில்லை. சொந்த மாவட்டத்துத் தச்சரும் தையற்காரரும் ஓர் அரபு நகரைச் சமைத்தனர் என்பது வேறொரு வியப்பைத் தருகிறது.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியது; திரைக்கு அதனை நீட்டலாமா என்னும் வினா எழும். ‘பண்ணை’ என்னும் விளையாட்டுக் களத்தைச் சுட்டியே அவ்வியல் தொடங்குவதால் இந்நீட்சி வலிந்ததாகாது. மருட்கைக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு. 1956இன் சிறுவனை ஆட்கொண்டது புதுமை. அதுவரை கறுப்பு வெள்ளையில் கண்ட முகங்கள் கேவாகலரில் நிறம் பெற்றன. இப்புதுமை இருவகையில் அழிந்துள்ளது. பார்ப்பவரின் கண் வண்ணத்திற்குப் பழகிவிட்டது. சாயத்தால் நிறம் பெறும் அக்காலச் சுருள்களும் ஆண்டுகள் செல்ல மங்கும் இயல்பின. ‘அன்று பளிச்சென்று இருந்தது’ என்னும் முதியவர் கூற்றை வெறும் ஏக்கம் என்று தள்ளுவது முறையன்று. அதில் வேதியியல் உண்மையும் உண்டு.

அச்சத்தின் இடமாற்றம் இதனினும் கூர்மையானது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்கள். சிறுவனின் அச்சம் கள்வர் வழியது. திருடர் தலைவன் அபு ஹுசேனாக வரும் பி.எஸ்.வீரப்பாவின் உரத்த சிரிப்பு, நகையே அச்சத்தை விளைக்கும் விந்தை. முதிர்ந்தவருக்கோ அச்சிரிப்பு இன்பமாகிவிடுகிறது, அதற்காகவே காத்திருக்கிறார். அவரை இப்போது அஞ்ச வைப்பது செல்வமும் அதிகாரமும் உடைய காசிம். ‘இறை’ என்பதற்கு அரசனோடு தந்தை, ஆசிரியர் முதலியோரையும் உரையாசிரியர் கொள்வர். அண்ணனும் அவ்வரிசையில் அடங்குவான். குகைக்குள் இருக்கும் கள்வனைவிட வீட்டிற்குள் இருக்கும் இறையே கொடியவன் என்பதை வாழ்ந்தவரே அறிவர். காசிமாக நடித்த எம்.ஜி.சக்கரபாணி, அலிபாபாவாக நடித்த எம்.ஜி.ஆரின் உடன்பிறந்த அண்ணன் என்னும் செய்தியும் இக்காட்சிகளுக்கு ஒரு கூச்சத்தைச் சேர்க்கிறது.

இக்காசிமே குகைக்குள் மந்திரச் சொல்லை மறந்து அகப்படுகிறான். படத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. சிறுவர் இதற்குச் சிரிப்பர். நகையின் நிலைக்களன்களுள் பேதைமையும் மடனும் அடங்கும். பேராசைக்காரன் தன் வாயாலேயே கெடுவது அவர்களுக்கு நிறைவு தருகிறது. ஆனால் 1956இல் பத்து வயதில் சிரித்தவர் இன்று எண்பதை ஒட்டியவர். நாவின் நுனிவரை வந்த சொல் வெளிவராமல் தவிக்கும் மனிதனை அவரால் எளிதில் நகைக்க இயலாது. இளிவரலின் முதல் நிலைக்களன் மூப்பு. திரையில் நிகழ்ந்தது மாறவில்லை. காண்பவரின் உடல் அதற்கு அருகில் வந்துவிட்டது.

அம்மறதியைத் தமிழ்ப்படம் தன்னையறியாமல் ஆழமாக்கியுள்ளது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்லக் கேட்டு அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிய கதை இது. அதில் காசிம் எள்ளை மறந்து வாற்கோதுமையின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறான். தானியம் என்னும் இனம் நினைவில் நிற்க, பெயர் நழுவுகிறது. தமிழில் ‘சீசேம்’ பொருளற்ற ஒலியாகவே நின்றது. எள் விளையும் சேலம், நாமக்கல் நிலத்துச் சிறுவரும் அதனை எள்ளென்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே தமிழ்க் காசிமுக்குப் பற்றிக்கொள்ள ஒரு தானியமும் இல்லை. ஒலியை இழந்தால் எல்லாம் இழந்தான். மொழிபெயர்க்காமல் விட்டது குறை எனலாம். அக்குறையே சிறுவனுக்கு மந்திரமாகவும் முதியவருக்குக் கலக்கமாகவும் பயன்பட்டது.

எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரான பின் இப்படத்தைக் காண்போர் விறகுவெட்டியிடம் பிற்கால அரசியலைத் தேடுவர். எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூல் அவரது திரைப்பிம்பத்திற்கும் வாக்குக்குமான உறவை ஆராய்ந்து இப்பார்வைக்கு வலுவூட்டியது. பயனுள்ள பார்வையே, எனினும் படம் முழுவதையும் நாயகனிடம் ஒப்படைத்துவிடுகிறது.

நாயகன்மீது நிலைத்த கண் மார்ஜியானாவைத் தவறவிடும். மூலக்கதையில் அவள் அடிமைப்பெண். திருடரின் சூழ்ச்சியை உணர்ந்து குடும்பத்தைக் காப்பவள் அவளே. திரையில் அவள் ஆடிப் பிழைப்பவள். தம் பாடல்களைத் தாமே பாடி, கணவருடன் பரணி பிக்சர்ஸ் நடத்திய பி.பானுமதி அவ்வேடத்தை ஏற்றார். அவரது ஆடலையும் பாடலையும் இளமையில் கதைக்கு இடையே வந்த ஓய்வாகக் கொண்டவர்கள், மறுபார்வையில் அவர் பாடும்போது எவரைப் பார்க்கிறார், எதை அளக்கிறார் என்று கவனிக்கத் தொடங்குகின்றனர்.