கோலிக்குண்டும் பூட்டிய கதவும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு சண்டை. பேச்சு எங்கெங்கோ சுற்றி மீம் காசுக்கு வந்து நின்றது. நாய்ப் படம், தவளைப் படம், நாடகத்தின் பெயர், தலைவரின் முகம் என எதையாவது ஒட்டி இணையத்தில் விடுகிறார்களே, அந்த கிரிப்டோ காசு. அதன் பின்னால் தொழிலும் கிடையாது, சரக்கும் கிடையாது. நாளைக்கு இன்னொருத்தன் இதைவிட அதிகம் கொடுத்து வாங்குவான் என்கிற நம்பிக்கைதான் அதற்கு விலை. அதில் பணத்தை விட்டவர்களைப் பற்றி, நன்றாகப் படித்த, நம் மேடைகளில் பேசுகிற ஒரு தோழர் சொன்னார்: "கும்பலுக்கு ஏது மூளை? ஒருத்தன் ஓடுனா எல்லாம் பின்னாடியே ஓடும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வாக்கியத்தை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். ஊர் கூடினால் பொதுமக்கள், சேரி கூடினால் கும்பல் என்று எழுதுகிற பேனாவைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் 'கும்பல் மனம்' என்ற சொல்லை யாராவது கையில் எடுத்தால், அது யார் பட்டறையில் அடித்த கத்தி என்று திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு.

1895இல் பிரான்சில் குஸ்தாவ் லெ பான் கும்பலின் உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1871இல் பாரிஸ் உழைப்பாளிகள் நகரத்தையே கையில் எடுத்ததைப் பார்த்து நடுங்கிய தலைமுறை அது. கூட்டத்துக்குள் போனால் மனிதன் அறிவை இழக்கிறான், உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்றார் லெ பான். இந்தக் குணங்கள் பெண்களிடமும் 'காட்டுமிராண்டி'களிடமும் குழந்தைகளிடமும் இருப்பவை என்றும் எழுதி வைத்தார். மேலே உட்கார்ந்தவன் கீழே பார்க்கிற பார்வை இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், ஒவ்வொரு மீம் காசு சரியும்போதும் பத்திரிகைகள் இதே பார்வையைத்தான் கடன் வாங்குகின்றன. பேராசை பிடித்த கூட்டம், ஆட்டுமந்தை, பைத்தியம். கதை முடிந்தது.

ஒரே ஒரு காசை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

2021 செப்டம்பரில் 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடர் வந்தது. ஹ்வாங் டோங் ஹ்யூக் எழுதி இயக்கியது. கடனில் மூழ்கிய 456 பேர், குழந்தைகள் ஆடும் விளையாட்டை ஆடுகிறார்கள். தோற்றால் சாவு. ஒவ்வொரு சாவுக்கும் பத்து கோடி வொன், தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடி உண்டியலில் விழும். கதாநாயகன் கி ஹூன் வேலையிழந்த கார் கம்பெனித் தொழிலாளி. அவன் வேலை பார்த்த கம்பெனிக்குத் தொடரில் 'டிராகன் மோட்டார்ஸ்' என்று பெயர். 2009இல் சாங்யோங் மோட்டார் கம்பெனி சுமார் 2,600 பேரை வெளியேற்றத் திட்டமிட்டபோது, பியோங்டேக் ஆலையைத் தொழிலாளர்கள் 77 நாள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது. சாங்யோங் என்றால் இரட்டை டிராகன். பெயரிலேயே கை நீட்டிக் காட்டுகிறது தொடர். அது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்கள்.

அதே அக்டோபர் கடைசியில் அந்தத் தொடரின் பெயரில் ஒரு காசு வந்தது. தொடரை எடுத்தவர்களுக்கோ வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸுக்கோ அதில் சம்பந்தமில்லை. ஒரு சென்ட் அளவில் ஆரம்பித்த விலை, ஒரே வாரத்தில், நவம்பர் 1 அன்று 2,861 டாலரைத் தொட்டது. பிறகு சில நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போனது. செய்தவர்கள் சுமார் 33 லட்சம் டாலரை வழித்துக்கொண்டு போனார்கள். இணையதளமும் காணாமல் போனது.

"பாத்தியா, கும்பல் பைத்தியம்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காசை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விற்கத்தான் முடியாது. விற்க வேண்டுமென்றால் 'மார்பிள்ஸ்' என்ற இன்னொரு டோக்கன் கையில் இருக்க வேண்டும் என்று விதி எழுதியிருந்தார்கள். நவம்பரில் வரும் என்று சொன்ன விளையாட்டோ வரவே இல்லை. ஆக, உள்ளே போகிற வழி உண்டு, வெளியே வருகிற வழி இல்லை. எல்லோரும் வாங்க மட்டுமே முடிந்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? உலகத்தின் பெரிய செய்தி நிறுவனங்கள் 'ஆயிரக்கணக்கான சதவீதம் உயர்வு' என்று எழுதியபோது, பூட்டிய கதவைத்தான் எழுச்சி என்று எழுதின. அந்தச் செய்தியைப் படித்தே இன்னும் பலர் உள்ளே போயிருப்பார்கள். அந்த வரைபடத்தில் ஏறிக்கொண்டே போன கோடு, மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கை.

அது மட்டுமில்லை. அந்தக் காசின் ட்விட்டர் பக்கத்தில் யாரும் பதில் எழுத முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். டெலிகிராமிலும் அப்படித்தான். "எனக்கு விக்க முடியல, உனக்கு முடியுதா?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால் ஒரே நாளில் உடைந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் கேட்கவிடவில்லை. தோழர்களே, இது கும்பலா? கும்பல் என்றால் தோளோடு தோள் உரசும், கத்தும், ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் மறுப்பான். இங்கே இருந்தது ஆளுக்கொரு செல்போனைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்த மனிதர்கள். கூட்டம் கூடியதால் வந்த கேடு இல்லை இது. கூட விடாமல் பண்ணியதால் வந்த கேடு.

இந்த இடத்தில் தொடருக்குத் திரும்பிப் போக வேண்டும். மார்பிள்ஸ் என்றால் கோலிக்குண்டு. ஆறாவது பகுதியில் கோலி விளையாட்டு வருகிறது. அலி பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி. முதலாளி ஆறு மாசச் சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தவன். சாங் வூ பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவன், அடுத்தவர் பணத்தைச் சந்தையில் தொலைத்தவன். அலி அவனை 'ஐயா' என்று மரியாதையாகக் கூப்பிட, "ஐயா வேண்டாம், அண்ணேன்னு கூப்பிடு" என்கிறான் சாங் வூ. அந்த அண்ணன்தான், தோற்கப் போகிற நேரத்தில், அலியின் பையிலிருந்த குண்டுகளை எடுத்துக்கொண்டு கூழாங்கல்லைப் போட்டுக் கொடுக்கிறான். அலி கல்லைச் சுமந்துகொண்டே சாகிறான். படித்தவன் 'அண்ணே'ன்னு கூப்பிடச் சொல்லும்போது நமக்கு வயிற்றில் ஒரு பயம் வருமே, அதை அந்தக் காட்சியில் நான் கண்டேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் காசைச் செய்தவர்கள் தங்கள் பூட்டுக்கு வைத்த பெயர் அதே கோலிக்குண்டு. தொடரை அவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அலியின் பக்கம் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. தொடரில் பெரும்பான்மை வாக்களித்தால் விளையாட்டை நிறுத்தலாம் என்று விதி உண்டு. முதல் ஆட்டத்தில் 255 பேர் செத்த பிறகு, மிச்சமிருந்த 201 பேர் வாக்களிக்கிறார்கள். 101க்கு 100. வெளியே போகிறார்கள். பிறகு பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். ஏன்? வெளியே இருக்கிற வாழ்க்கை அதைவிட மோசம். தொடரின் உயிரே இந்த இடத்தில்தான். ஆசையை மட்டும் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூலி ஏறாது, கடன் குறையாது, நேர்வழியில் நூறு வருஷம் உழைத்தாலும் வீடு கட்ட முடியாது என்று தெரிந்தவன் லாட்டரியைப் பார்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு தப்பாகலாம். ஆனால் அது கணக்கு. அவனுக்கு மூளை இல்லை என்று சொல்வது அவன் வறுமையையும் சேர்த்து மறைப்பது.

மீம் காசு எல்லாமே இப்படியா என்று கேட்கலாம். இல்லை. முதல் பெரிய மீம் காசான டோஜ்காயின் 2013 டிசம்பரில் இரண்டு பொறியாளர்கள் கிரிப்டோ மோகத்தையே கேலி செய்ய உண்டாக்கியது. 2014இல் அதை வைத்திருந்தவர்கள் காசு திரட்டி, ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணியை ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்ஸுக்கு அனுப்ப உதவினார்கள். பேசிக்கொள்ள முடிந்த கூட்டம் அப்படியும் செய்யும். அதே காசை 2021இல் எலான் மஸ்க் என்ற ஒற்றை மனிதரின் வாய் ஏற்றியது, இறக்கியது. மே 8 அன்று ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் அதை ஏமாற்று வேலை என்று அவர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு வசனம் வந்தது. அன்று இரவே விலை சரிந்தது. கேலியாகப் பிறந்தது கடைசியில் ஒருவர் வாய்க்கு அடங்கியது.

அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' நூலை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? நாணயத்தை வெளியிடுகிறவன் கையில் வரம்பில்லாத அதிகாரம் இருக்கக் கூடாது என்பது அந்த நூலின் அடிநாதம். வெளியீட்டுக்கு எல்லை கட்டச் சொன்னார் பாபாசாகேப். மக்களின் புத்தியை அவர் சோதிக்கவில்லை, அச்சு யார் கையில் என்று கேட்டார். அதே கேள்வியை இங்கே போடுங்கள். 2025 ஜனவரியில், பதவியேற்க மூன்று நாள் இருக்கும்போது டொனால்ட் டிரம்ப் தன் பெயரில் ஒரு காசு வெளியிட்டார். மொத்தக் காசில் 80 சதவீதம் அவரோடு தொடர்புடைய நிறுவனங்களிடம். வாங்கியவனின் ஆசையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் ஏராளம். அந்த 80தான் முதலில் பேசப்பட வேண்டிய எண்.

2024 டிசம்பரில் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் காசு விற்கச் சொல்லிக் கொடுத்த யூடியூப்காரன் ஒருவன் 333ஆம் எண்ணோடு வருகிறான். அவன் சொல்லை நம்பி ஒரு நாய்ப் பெயர்க் காசில் பணம் தொலைத்தவர்களும் அதே கூடத்தில் இருக்கிறார்கள். தன் பெயரில் நடந்த திருட்டுக்குத் தொடர் சொன்ன பதிலாகவே எனக்குப் பட்டது. ஆனால் ஒரு குறை. அங்கே விற்றவனும் கடன்காரன், அவனும் சாகப் பயந்து ஓடுகிறவன். 2021இல் 33 லட்சம் டாலரை எடுத்தவர்கள் எந்தக் கூடத்துக்கும் வரவில்லை. முதல் பாகத்தில் தங்க மிருக முகமூடி போட்டுக்கொண்டு மேலே சோபாவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்களே, அவர்கள் பக்கம் அவர்கள். இரண்டாம் பாகம் அந்தத் தூரத்தைச் சுருக்கிவிட்டது. நெட்ஃபிளிக்ஸும் சும்மா இல்லை. 2023இல் 456 பேரை வைத்து, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசுக்கு அதே விளையாட்டை நிஜமாகவே நடத்திக் காட்டியது. தொழிலாளியின் சாவு பற்றிய கதை முதலில் போட்டியானது யார் கையில் என்றும் கேட்க வேண்டும்.

நாளைக்குப் பறையின் பெயரில் ஒரு காசு வரலாம், நீலக்கொடியின் நிறத்தில் வரலாம். 'நம்ம காசு, நம்ம ஜனங்க' என்று நம் மொழியிலேயே கூப்பிடுவார்கள். அண்ணே என்று கூப்பிடச் சொல்வார்கள். அன்றைக்கு வாங்குகிற பையனைப் பார்த்து மூளை இல்லாதவன் என்று சிரித்தால், அவன் நம்மிடம் வந்து எதையும் கேட்க மாட்டான். கேட்காமல் பண்ணுவதுதான் அவர்களுக்கும் வேண்டியது.

அன்றைக்கு அந்தத் தோழரிடம் இவ்வளவையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தோழர், அவங்க ஓடுனாங்கன்னு சொல்றீங்க. கதவைப் பூட்டுனது யாருன்னு பாத்தீங்களா?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடுத்த கூட்டத்துக்கு அம்பேத்கரின் அந்த நூலை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து சேர்ந்தே படிக்கப் போகிறோம்.