செஞ்சியின் முதற்குடி: ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ கூறும் குடியேற்றக் கதை

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டையின் தோற்றத்தை ஆனந்தக்கோன் என்னும் இடையரிடமிருந்து தொடங்கும் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ பெரும்பாலும் காலக்கணிப்புக்கான சான்றாகவே படிக்கப்பட்டுள்ளது. அதனைக் குடியேற்றக் கதையாகக் கொள்ளும் இக்கட்டுரை, தொண்டைமண்டலக் கதையோடு ஒப்பிட்டு அதன் நிறைகுறைகளை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, ஆனந்தக்கோன், குடியேற்றம், மேய்ச்சல் நிலம், காணியாட்சி, மெக்கன்சி சுவடிகள்.

நூலும் அதன் சூழலும்

ஒரு நிலத்தில் முதலில் குடியேறியவர் யார் என்னும் வினா, அந்நிலத்தின் உரிமை வழக்குக்கு வரும்போதுதான் கூர்மை பெறுகிறது. 1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. வரியை யாரிடம் தண்டுவது, காணி யாருடையது என்பன அதன்பின் கச்சேரிகளின் அன்றாடக் கேள்விகளாயின. செஞ்சியைச் சார்ந்த நாராயணன் இந்நூலை எழுதியது இச்சூழலில்தான். கம்பெனி அதிகாரி ஒருவரின் வேண்டுகோளால் எழுந்த நூல் என்பதை மறந்து இதனைப் படிப்பது பிழையாகும்.

கதை எளியது. ஆடு மேய்த்துவந்த ஆனந்தக்கோன் மேற்குமலைப் பொந்தொன்றில் புதையல் காண்கிறார். அதைக்கொண்டு ஒரு சிறுபடை திரட்டித் தேவனூர், செயங்கொண்டான், மேலச்சேரி ஆகிய ஊர்களின் தலைவர்களை வெல்கிறார். கமலகிரியில் அரண் கட்டி அதற்கு ஆனந்தகிரி என்று தம் பெயரையே இடுகிறார். இன்று இராசகிரி எனப்படுவது அம்மலையே. அடுத்து வந்த கிருட்டிணக்கோன் பெயரால் வடக்குமலை கிருட்டிணகிரியாயிற்று. இக்கோன் மரபு ஏறத்தாழ 1190 முதல் 1330 வரை ஆண்டதாகக் கணிக்கப்படுகிறது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு இச்செய்தியை ஆட்சியாண்டுகளின் வரிசையாகத் தொகுத்தளித்தது. பின்வந்தோர் பலர் ஆண்டுகளை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டனர்.

உழவனும் இடையனும்

இக்கதையின் தனித்தன்மை தொண்டைமண்டலக் கதையோடு வைத்துப் பார்க்கும்போது புலப்படும். அங்கே ஆடு வளர்க்கும் குறும்பர் முன்னரே இருக்கின்றனர். ஆதொண்டைச் சோழன் அவர்களை வென்று, காடு திருத்தி, வேளாளரைக் குடியேற்றுகிறான். மிராசு உரிமை குறித்து எல்லிஸ் 1818இல் எழுதிய விடைகளில் இக்கதை சான்றாகவே நின்றது. குடியேறி உழுதவரின் வழியினர்க்கே காணி என்பது அதன் பொருள்.

செஞ்சிக் கதை இதைத் தலைகீழாக்குகிறது. இங்கு நாட்டை நிறுவுபவனே மேய்ப்பன். கலப்பை கதைக்குள் வரவே இல்லை. வியப்பு என்னவெனில், கோன் மரபை முடித்துவைப்பவனாகச் சொல்லப்படும் சேந்தமங்கலத்துக் கோப்பிலிங்கனும் குறும்பனே. இப்பெயரில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனின் நினைவு திரிந்து ஒலிக்கிறது எனக் கருத இடமுண்டு. எனினும் கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டினன். ஆகவே நூலின் காலவரிசையை அப்படியே நம்புவது அரிது. அதன் நில உணர்வு வேறு, அது நம்பத்தக்கது.

கனடாவின் புல்வெளிப் பகுதி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்திய குடியேறிக்கு 160 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அங்கேயே தங்கி நிலத்தைப் பண்படுத்திக் காட்டினால் அது சொந்தமாகும். அதே காலத்தில், 1871 முதல் 1877 வரை, அம்மண்ணின் முதற்குடிகளோடு ஏழு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. காட்டெருமையைப் பின்தொடர்ந்து வாழ்ந்தவர்களின் நிலம், உழப்படவில்லை என்பதால் ஆளற்ற நிலம்போல் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. எல்லிசின் சான்றிலும் கனடாவின் சட்டத்திலும் உரிமைக்கு அடையாளம் உழுத மண்தான். நாராயணனின் நூலோ உழாதவனை முதற்குடியாக்குகிறது. காணிக் கணக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இது சிறு செய்தியன்று.

நூலின் இடைவெளிகள்

ஆயினும் நூல் மறைப்பவையும் உண்டு. புதையல் என்னும் அற்புதம் உழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடையர்க்குச் செல்வமும் செல்வாக்கும் எவ்வாறு வந்தன என்பதற்குப் பொந்துக்குள் தேட வேண்டியதில்லை, கல்வெட்டுகளே போதும். சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’களாக மன்றாடிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மந்தை பெருகினாலும் குறைந்தாலும் நெய் அளப்பது அவர்கள் பொறுப்பு. கோயிலின் முதல் அவர்கள் கையில் இருந்தது. வயலில் கிடை போடும் ஆட்டுக்காரனை உழவனும் எதிர்பார்த்தே இருந்தான். இவற்றில் ஒன்றுகூட நூலில் இல்லை.

வெல்லப்பட்ட மூன்று ஊர்களைப் பெயர் சுட்டிச் சொன்னது நூலின் நேர்மை. செஞ்சி வெற்று நிலம் என்று அது ஓரிடத்தும் கூறவில்லை. மேலச்சேரியிலும் அருகிலுள்ள சிங்கவரத்திலும் காணப்படும் பல்லவர் காலக் குடைவரைகள், ஆனந்தக்கோனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அங்கு ஊரும் வழிபாடும் இருந்ததைக் காட்டுகின்றன. ஆனால் பெயரைச் சொன்னதோடு நூல் அவ்வூர்களைக் கைவிட்டு விடுகிறது. அங்கிருந்தோர் என்னவாயினர், அவர்களுடைய மேய்ச்சலும் விளைநிலமும் யாரிடம் போயின என்று ஒரு வரிகூட இல்லை. முதற்குடி என்னும் பெருமையை இடையர்க்குத் தரும் நூல், அவர்க்கு முற்பட்ட குடிகளை எல்லாக் குடியேற்றக் கதைகளையும் போலவே கடந்து செல்கிறது.

2025 சூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட மராத்தியர் இராணுவ நிலப்பரப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே. சிவாசி கைப்பற்றிய 1677ஆம் ஆண்டும், இராசாராம் முற்றுகையைத் தாங்கிய 1690களும் அதற்குக் காரணமாயின. அம்மதிப்பு உரியதே. மலையடிவாரத்து மேய்ச்சலிலிருந்து அக்கோட்டையைப் பார்க்கத் தொடங்கும் தமிழ் நூல் மட்டும், செஞ்சி வரலாறுகளின் முதற்பத்தியில் ஐதீகம் என்னும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது.